பாம்பு மணமும் வெயிலும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஊர்வன பற்றிய பாடம் தொடங்கினால் அந்தக் கிழமை முழுக்கக் கேள்விகள் ஓயாது. பிள்ளைகள் கேட்பார்கள், அவர்களைக் கூட்டிப்போக வரும் அம்மாமார் வாசலில் நின்று கேட்பார்கள், வெளிநாட்டில் பாம்பு வளர்க்கும் பிள்ளைகளின் தாய் தகப்பன் போனில் கேட்பார்கள். பாதிக்கு மேல் மணத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

இதை எழுதி வைக்க ஒரு காரணம் உண்டு. "மணம் ஒண்டும் இல்லை, அப்ப பாம்பும் இல்லை" என்று நினைத்துக்கொண்டு இருட்டில் விறகுக் குவியலுக்குள் கையை விடுகிறவர்கள் நம் ஊரில் இன்னமும் இருக்கிறார்கள். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே போட்டிருக்கிறேன்.

சேர், பாம்புக்கு மணம் எண்டு ஒண்டு இருக்கோ இல்லையோ?

இருக்கிறது, ஆனால் நம் மூக்குக்கு எட்டுகிற அளவில் இல்லை. பாம்புக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. நமக்கும் மாட்டுக்கும் நாய்க்கும் உடம்பு மணப்பது பெரும்பாலும் வியர்வையாலும் தோல் எண்ணெயாலும், அவற்றில் வளரும் பக்டீரியாக்களாலும்தான். பாம்பின் செதிலோ நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின். அது உலர்ந்தே இருக்கும். நோயில்லாத, சுத்தமான இடத்தில் இருக்கும் பாம்பை மூக்குக்குக் கிட்டப் பிடித்தால் அது கடைசியாகப் படுத்திருந்த இடம்தான் மணக்கும்: மண், காய்ந்த இலை, வளர்ப்புப் பெட்டி என்றால் மரத்தூள்.

பாம்பிலிருந்து மணம் வரக்கூடிய வழிகள் மூன்று: தோலில் மெல்லிதாகப் படிந்திருக்கும் கொழுப்பு, வாலடியில் இருக்கும் சுரப்பி, எச்சம். கீழே வரும் பதில்களில் "தோல்", "வாலடி", "எச்சம்" என்று சொல்வதெல்லாம் இந்த மூன்றையும்தான்.

அப்ப சாரையைப் பிடிச்சா கை நாறுதே, அது என்னத்தால?

அது வாலடிச் சுரப்பி. ஆண், பெண் எந்தப் பாம்புக்கும் வால் தொடங்கும் இடத்தில், உள்ளே, இரண்டு சுரப்பிகள் உண்டு. பாம்பு பயந்தால் அதிலிருந்து மஞ்சளோ மண்ணிறமோ கலந்த ஒரு திரவத்தை வெளியே விடும். பல நேரம் எச்சமும் சேர்ந்தே வரும். கிட்ட நின்று பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: அது சும்மா பீச்சிவிட்டு நிற்காது. வாலைச் சுழற்றிச் சுழற்றிப் பிடித்தவர் கையிலும் தன் உடம்பிலும் பூசும். வெயிலில் விட்ட மீன் குடல் போன்ற நாற்றம், ஒரு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போகாது.

தன்னைத் தின்ன வரும் மிருகத்துக்கு வாயில் வைக்க மனம் வராமல் செய்வதற்கான ஏற்பாடு இது. ஆகவே அந்த நாற்றம் பாம்பின் இயல்பான மணம் இல்லை, அதன் பயத்தின் மணம். புதரில் அமைதியாகப் படுத்திருக்கும் சாரையிடம் அது வராது. வளர்ப்புப் பாம்புகளிலும் இப்படித்தான். சின்னக் கோர்ன் ஸ்னேக் புதுக்கையில் பட்டால் விடும், ஆள் பழகினால் நிறுத்திவிடும். போல் பைத்தன் விடுவது மிக அரிது. கார்ட்டர் பாம்பு இந்த விஷயத்தில் பேர் போனது.

என்ர மகன் ரொறன்ரோவில பாம்பு வளக்கிறான். வீடெல்லாம் நாறாதோ? குளிருக்கு யன்னலும் திறக்கேலாது.

ஒழுங்காக வைத்திருந்தால் நாறாது. ஒரு பூனையின் மண் தட்டு கிளப்பும் மணத்தில் கால்வாசிகூட வராது. பாம்பு தினமும் சாப்பிடுவதில்லை, அதனால் தினமும் கழிப்பதுமில்லை. போல் பைத்தன் பெரிதாகிவிட்டால் இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு எலி போதும். எச்சத்தில் வெள்ளையாகக் கட்டிபட்டிருப்பது யூரிக் அமிலம், பல்லி எச்சத்தில் பார்க்கும் அதே வெள்ளை. அதை உடனே எடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. விட்டுவைத்து ஈரமும் சேர்ந்தால்தான் பக்டீரியா அதை அமோனியா ஆக்கும், மூக்கில் குத்தும். மீன் போட்டு வளர்க்கும் பாம்புகளின் எச்சம் எலி தின்னும் பாம்புகளினதை விட மோசமாக நாறும், அதையும் சொல்லி வையுங்கள்.

பெட்டி சுத்தமாக இருந்தும் பாம்பிலிருந்தே அழுகல் மணம் வந்தால் அது வருத்தம். வாய் அழுகல், ஈரத்தில் கிடந்து வயிற்றுச் செதில் புண்ணாவது, தின்றதைக் கக்குவது எல்லாம் மணத்தோடுதான் வரும். வாயோரம் நுரையோ சளியோ தெரிந்தாலும், செதில் சிவந்தோ பழுப்பாகியோ இருந்தாலும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள். மணப் போத்தல் அடித்து மறைக்கக் கூடாது. பாம்புக்குச் சுவாசப்பை வருத்தம் சுலபமாக வரும், அந்த ஸ்பிரே அதை இன்னும் கெடுக்கும். தொட்ட பிறகு கையைக் கழுவ வேண்டும். மணமே இல்லாத, நல்ல சுகமான பாம்பின் குடலிலும் சல்மொனெல்லா இருக்கலாம்.

கோடையில வெளியில கொஞ்ச நேரம் வெயில்ல விட்டா மணம் போயிடுமாம். உண்மையோ?

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பெட்டிக்கும் தட்டுக்கும் என்றால் உண்மை. வெயில் ஈரத்தை எடுக்கும், நாற்றத்தை உண்டாக்கும் பக்டீரியாவும் பூஞ்சணமும் ஈரமில்லாமல் வளர முடியாது. புற ஊதாக் கதிர் மேற்பரப்பில் இருக்கும் கிருமிகளைக் கொல்லும். கழுவிய தண்ணீர்ச் சட்டியை, ஒளிந்துகொள்ளும் மரக்குற்றியை அரை நாள் நல்ல வெயிலில் காயவிடுவது மிகவும் நல்லது. தொடக்கத்தில் மட்டும் மணம் கூடினதுபோல் இருக்கும், பயப்பட வேண்டாம். சூடு ஏற ஏற மணத்துகள்கள் வேகமாக ஆவியாகிக் காற்றில் கலக்கின்றன. அவை போய் முடிந்த பிறகு மணமும் முடியும்.

பாம்பைக் காயவிட்டு மணம் போக்குவது என்பது வேறு கதை, தயவுசெய்து வேண்டாம். முதல் பதிலில் சொன்னபடி நம் மூக்குக்கு எட்டுகிற, போக்க வேண்டிய மணம் தோலில் இல்லை. பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கவோ வியர்த்துக் குறைக்கவோ முடியாத பிராணி. போல் பைத்தனுக்குப் பெட்டியின் சூடான பக்கம் 31, 32 பாகை செல்சியஸும் குளிர்ந்த பக்கம் 26 பாகை அளவும் தேவை. இரண்டுக்கும் நடுவில் அது தானே இடம் மாறிச் சமாளிக்கும். கண்ணாடிப் பெட்டியை நேர் வெயிலில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் ஒரே சூடு. உள்ளே 40 பாகையைத் தாண்டிவிட்டால் தப்புவது கஷ்டம். "கனடா வெயில்தானே, நம்ம வெயில் மாதிரி இல்லை" என்று ஒரு அம்மா சொன்னார். கண்ணாடிக்குள் அகப்பட்ட வெயிலுக்குக் கனடாவும் ஒன்றுதான், மாங்குளமும் ஒன்றுதான்.

யன்னல் கண்ணாடியால வாற வெயில் காணாதோ? விற்றமின் டி எண்டுறாங்களே.

காணாது. விற்றமின் டி உண்டாக்கும் புற ஊதா பி கதிரைச் சாதாரண யன்னல் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். சூடு மட்டும் உள்ளே வரும், நன்மை வெளியே நின்றுவிடும். முழு எலி தின்னும் பாம்புக்கு அந்த எலியின் ஈரலிலிருந்தே இந்த விற்றமின் கிடைப்பதால் விளக்கில்லாமலும் பல பாம்புகள் வாழ்கின்றன. புற ஊதா விளக்குப் போட்டுச் சோதித்ததில் கோர்ன் ஸ்னேக்கின் இரத்தத்தில் விற்றமின் டி கூடியது. போல் பைத்தனில் அப்படிக் கூடவில்லை. இதில் எதற்கும் மணத்தோடு சம்பந்தம் இல்லை.

காட்டுப் பாம்பு வெயில் காயேக்க மணம் கூடுமோ? வெயில் எறிக்கேக்க "பாம்பு மணக்குது" எண்டு எங்கட அப்பு சொல்லுவார்.

அந்த மணம் மற்றப் பாம்புகளுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இது.

மகன் இருக்கும் அதே கனடாவில், மனிற்றோபா மாகாணத்தில் நார்சிஸ் என்று ஓர் இடம் உண்டு. பனிக்காலம் முழுக்கச் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள் கிடந்த கார்ட்டர் பாம்புகள் ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் பல்லாயிரக்கணக்கில் வெயிலுக்கு வெளியே வரும். பெண் பாம்பின் தோல் கொழுப்பில் மீதைல் கீற்றோன் என்ற சேர்வைகள் உண்டு. ஆண் பாம்பு அவள் முதுகில் நாக்கைத் தொட்டுத் தொட்டு அதைப் படித்துத்தான் ஆளை அறிகிறது. இந்தச் சேர்வைகள் நீண்ட சங்கிலியாலான, பாரமான மூலக்கூறுகள். லேசில் காற்றில் பறக்காது. நாக்கு தொட்டு எடுத்து, வாயின் மேலண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்பில் கொண்டுபோய் வைத்தால்தான் பாம்புக்கே தெரியும். பத்தடி தள்ளிக் கதிரையில் இருக்கும் நம் மூக்குக்கு அது எட்ட வழியில்லை.

அப்புவுக்கு மணந்தது பொய் என்று நான் சொல்லவில்லை. மணம் உண்மை, அது வந்த இடம்தான் வேறு. அடுத்த இரண்டு கேள்விகளும் அதைப் பற்றித்தான்.

உருளைக்கிழங்கு அவிச்ச மணம் வந்தா பாம்பு நிக்குது எண்டு அம்மம்மா சொல்லுவா. அது என்ன மணம்?

அநேகமாகப் பூலாச் செடி. குளக்கட்டு ஓரத்திலும் வாய்க்கால் கரையிலும் பற்றை பற்றையாக நிற்கும், சின்னக் கறுப்புப் பழம் பழுக்கும், பிள்ளைகள் மை என்று பிழிந்து விளையாடுவார்கள். அதன் பூ கண்ணுக்கே படாத அளவு சின்னது. பொழுது சாய்ந்ததும் அந்துப்பூச்சியை அழைக்க அது விடும் மணம் அவித்த உருளைக்கிழங்கு மணம்தான். ஆபிரிக்காவின் தெற்கில் இதே செடிக்கு உருளைக்கிழங்குப் பற்றை என்றே பெயர். பொழுதுபட வந்து காலையில் காணாமல் போகும் மணம் என்றால் முதலில் வேலியோரம் பூலா நிற்கிறதா என்று பாருங்கள்.

வீட்டுக்குள்ளேயே மணந்தால் வேறு இரண்டு பேரைச் சந்தேகிக்கலாம். மூஞ்சூறு சுவரோரம் ஓடிய வழியில் கடுமையான ஒரு கஸ்தூரி நெடி நிற்கும். கூரையில் மரநாய் வந்துபோனால் ரம்பை இலை போட்டுச் சோறு வேகும் மணம் வரும். மலாய் மொழியில் அதற்கு ரம்பையின் பெயரையே சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஆனால் மூஞ்சூறும் எலியும் ஓடும் வீட்டுக்கு அவற்றைத் தேடிப் பாம்பு வரும் என்பதும் உண்மை. அந்த அளவில் அம்மம்மா எச்சரித்தது வீணில்லை.

முதல் மழைக்குப் பிறகு வெயில் எறிக்கேக்க ஒரு மணம் கிளம்புமே, அது பாம்புப் புற்று மணமோ?

மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற சேர்வையின் மணம் அது. மனித மூக்கு அதை மிகக் குறைந்த அளவிலேயே பிடித்துவிடும். சித்திரையிலிருந்து காய்ந்து வெடித்துக் கிடக்கும் வன்னி மண்ணில் ஐப்பசி மழை விழும்போது அந்த மணம் எவ்வளவு பலமாகக் கிளம்பும் என்று சொல்லத் தேவையில்லை. புற்று மண்ணும் மண்தான், அதுவும் மணக்கும்.

அதே நாட்களில் பாம்பும் வெளியே வரும். பொந்துக்குள் தண்ணீர் போய்விடும், தவளை கத்தத் தொடங்கிவிடும். ஆகவே மணமும் பாம்பும் ஒன்றாக வருவதைப் பார்த்த பெரியவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டதில் நியாயம் இருக்கிறது. காலபோக விதைப்புக்கு இறங்குகிற நேரமும் அதுதான், காலுக்கு சப்பாத்துப் போடுங்கள்.

தாழம்பூவுக்கும் மல்லிகைக்கும் பாம்பு வரும் எண்டுறது?

பூ மணத்தைத் தேடிப் பாம்பு வருவதில்லை. தாழம் புதர் ஈரமான, நெருக்கமான, நிழலான இடம். மல்லிகைப் பந்தலடியும் அப்படித்தான். தவளை, ஓணான், எலி இருக்கும், அவற்றுக்காகப் பாம்பு வரும். புதூர் நாகதம்பிரானுக்குப் பூவும் பாலும் வைக்கிறவர்கள் நம்பிக்கையோடு வைக்கட்டும், அதில் நான் தலையிட மாட்டேன். வீட்டு முற்றத்தில் மல்லிகை வைக்கவும் பயப்பட வேண்டாம், அடியை வெளியாக வைத்திருந்தால் போதும்.

வீட்டைச் சுத்தி உள்ளி இடிச்சுப் போட்டா, மண்ணெண்ணெய் தெளிச்சா அந்த மணத்துக்கு வராதுதானே?

வரும். நம் வெயிலில் மண்ணெண்ணெய் மணம் மத்தியானத்துக்குள் போய்விடும், பாம்பு வருவதோ இரவில். மணம் நிற்கும் நேரத்தில்கூட அதைக் கடந்து போகப் பாம்புக்குத் தயக்கம் இல்லை. பூச்சி உருண்டையும் அப்படித்தான், அதோடு அது ஆபத்தும் கூட. குழந்தை இனிப்பென்று வாயில் போட்டால் இரத்தச் சிவப்பணு சிதையலாம். சிறியாநங்கையும் ஆகாச கருடன் கிழங்கும் கட்டித் தொங்கவிட்ட வீட்டில் பாம்பு வராமல் இருப்பது, பாம்பு வரக் காரணம் இல்லாததால்தான்.

அந்தக் காசுக்கு ஓர் ஆளைப் பிடித்து விறகையும் கூரை ஓடுகளையும் சுவரிலிருந்து தள்ளி அடுக்கச் சொல்லுங்கள். நெல் மூட்டையை நிலத்தில் வைக்காமல் பலகை போட்டு உயர்த்துங்கள். கதவுக்கு அடியில் இருக்கும் இடைவெளியை அடையுங்கள். கோழிக்கூட்டை வீட்டோடு ஒட்டி வைக்காதீர்கள்.

எங்கட நாய் மணந்து பிடிச்சுக் குரைக்குமே? அப்ப பாம்புக்கு நல்லா மணம் இருக்குத்தானே?

நல்ல கேள்வி, என்னிடம் வந்ததில் கடினமானதும் இதுதான். நாயின் மூக்கு நம் மூக்கில்லை. அமெரிக்காவின் புளோரிடாவில், செல்லமாக வளர்க்கக் கொண்டுவந்து காட்டில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேட நாய்களைப் பழக்கியிருக்கிறார்கள், அவை கண்டுபிடித்தும் இருக்கின்றன. அதே வேலைக்கு 2017-இல் தமிழ்நாட்டிலிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர் பழங்குடியினர் போனார்கள். தடம், உரித்த சட்டை, எச்சம் என்று கண்ணால் தேடும் கலையில் கைதேர்ந்தவர்கள் அவர்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆனால் எல்லாப் பாம்பும் நாய்க்கு அகப்படாது. ஆபிரிக்காவில் பஃப் அடர் என்ற விரியன் ஒரே இடத்தில் நாள்கணக்காகப் படுத்து இரைக்குக் காத்திருக்கும். நாய்களையும் கீரிக் குடும்பத்து மீர்காட்டுகளையும் பழக்கிச் சோதித்த ஓர் ஆய்வு 2015-இல் வெளிவந்தது. அலைந்து திரிந்து இரை தேடும் பாம்புகளின் மணத்தை அவை பிடித்தன. பஃப் அடரின் மணத்தை மட்டும் பிடிக்க முடியவில்லை. அதன் உரித்த சட்டையை வைத்தபோது நாய்களுக்குத் தெரிந்தது, உயிரோடு படுத்திருந்த பாம்பு தெரியவில்லை. நம் கண்ணாடிப் புடையனை இப்படிச் சோதித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அதுவும் படுத்துக் காத்திருக்கும் வகைதான் என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள். நாய் குரைத்தால் கவனியுங்கள். நாய் குரைக்கவில்லை என்பதற்காக வைக்கோலுக்குள் கையை விடாதீர்கள்.

வீட்டுக்குள்ள ஒரு குட்டி வந்தது, மணக்கவும் இல்லை, சீறவும் இல்லை. வளக்கலாமோ சேர்?

வேண்டாம் தம்பி. இலங்கையில் காட்டுப் பாம்பை அனுமதி இல்லாமல் பிடித்து வளர்ப்பது சட்டப்படி குற்றமாகலாம், அது முதல் காரணம். மணக்காத பாம்பு நஞ்சில்லாத பாம்பு என்று ஒன்று கிடையாது, அது இரண்டாவது. நஞ்சுக்கும் மணத்துக்கும் தொடர்பே இல்லை. வீட்டுச் சுவரில் ஏறும் ஓநாய்ப் பாம்பு நஞ்சில்லாதது. அதன் வெள்ளைப் பட்டைகளைப் பார்த்துக் கட்டுவிரியன் என்று அடிக்கிறார்கள். அதே குழப்பத்தில் கட்டுவிரியனை ஓநாய்ப் பாம்பு என்று கையில் எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். தள்ளி நின்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு, வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்தால் ஆள் வந்து எடுப்பார்கள்.

மணத்தை நம்பக் கூடாதெண்டா ராவில எதை நம்பிறது? வெக்கைக்கு விறாந்தையில பாய் போட்டுத்தான் படுக்கிறம்.

நுளம்பு வலையை நம்புங்கள். வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிவரச் செருகிவிட்டுப் படுங்கள். கட்டில் இருந்தால் கட்டிலில் படுப்பது இன்னும் நல்லது. ரோச் லைற் தலைமாட்டில் இருக்கட்டும், வெளியே போவதென்றால் காலை வைக்கும் இடத்துக்கு முதலில் வெளிச்சத்தைப் போடுங்கள்.

எண்ணெய் விரியன், எட்டடி விரியன் என்றெல்லாம் சொல்லும் கட்டுவிரியன் இரவில் நிலத்தில் படுப்பவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது. மணமோ சத்தமோ வராது, கடிபட்ட இடம் நோகாமலும் இருக்கலாம், பல் பட்ட அடையாளம் தேடினாலும் தெரியாமல் போகலாம். விடியப்புறம் ஒருவர் காரணமில்லாமல் வயிற்று நோவென்று எழும்பினால், கண் இமை தானாக விழுந்தால், விழுங்கவோ பேசவோ கஷ்டப்பட்டால், கடித்ததா இல்லையா என்று பேசி நேரம் போக்காதீர்கள். வெட்டவோ கட்டவோ வேண்டாம், கை காலை அசைக்காமல் கிளிநொச்சியோ முல்லைத்தீவோ வவுனியாவோ, எது கிட்டவோ அந்த அரச வைத்தியசாலைக்கு உடனே கொண்டுபோங்கள். பாம்புக்கடி மருந்து அங்கே இலவசம்.